சுமைதாங்கிக் கல்லில் மிஞ்சிய சொல்

பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் சாலையில் கிழக்கே போனால், சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு குடியிருப்புப் பூங்கா இருக்கிறது. இரண்டு ஊஞ்சல், ஒரு சறுக்கு, வேம்பும் புங்கையும், சுற்றிவர சிமெண்ட் கல் பதித்த நடைபாதை. மாலை ஐந்து மணிக்கு மேல் நடக்க வருகிறவர்களின் கூட்டம். அதன் தென்கிழக்கு மூலையில் இரண்டு குத்துக்கற்களும், அவற்றின்மேல் குறுக்காக ஒரு நீண்ட கல்லும் நிற்கின்றன. பிள்ளைகள் அதில் ஏறிக் குதிக்கிறார்கள். நடந்து களைத்தவர்கள் அதில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றி உதறுகிறார்கள். நானும் ஆறு வருடம் அதைப் பெஞ்சு என்றே நினைத்து உட்கார்ந்து எழுந்திருக்கிறேன். இன்று அதை நினைத்தால் மனம் கூசுகிறது.

அது பெஞ்சு இல்லை என்று எனக்குக் காட்டியவர் ஒரு கீரைக்கார ஆச்சி. காலையில் பூங்காவின் பின்வாசல் வழியாக நுழைந்து முன்வாசலால் வெளியேறுவது அவருக்குக் குறுக்குவழி. ஒரு நாள் முளைக்கீரையும் அரைக்கீரையும் நிறைந்த பெட்டியைத் தலையிலிருந்து இறக்குவதற்காக அந்தக் கல்லருகே போனார். இடுப்பை வளைத்து, முழங்காலை மடக்கி, மிகவும் சிரமப்பட்டு அதன்மேல் வைத்தார். மூச்சு வாங்கியபின், "கொஞ்சம் தூக்கிவிடு தாயி" என்று என்னைக் கூப்பிட்டார். தூக்கிவிட்டேன். சும்மாட்டைச் சரிசெய்துகொண்டே சொன்னார்: "சுமைதாங்கியை மண்ணில் புதைத்து வைத்திருக்கிறார்கள். இது இருந்தும் ஆள் தேட வேண்டியிருக்கிறது."

சுமைதாங்கி. அந்தச் சொல்லை நான் கேட்டு முப்பது வருடம் ஆகியிருந்தது.

என் ஆச்சி தேரிக்காட்டு ஓரத்து ஊர்க்காரி. செம்மண்ணும் பனையும் தவிர வேறொன்றும் இல்லாத ஊர். கருப்பட்டியைக் கடகப்பெட்டியில் அடுக்கித் தலையில் வைத்துச் சந்தைக்கு நடந்தவள். தலைச்சுமை தூக்கியவர்களுக்குத் தெரியும், தனியாக நடக்கிறவர் வழியில் சுமையை இறக்கவே கூடாது. இறக்குவது எளிது. திரும்ப ஏற்றுவதற்கு எதிரே ஒரு ஆள் வேண்டும். வெயிலில் காய்கிற வண்டித்தடத்தில் ஆளுக்கு எங்கே போவது? அதற்காகத்தான் நம் சாலைகளில் இந்தக் கற்களை நட்டார்கள். தலைச்சுமையின் அடிப்பாகத்துக்கு ஏறக்குறைய சமமான உயரத்தில் குறுக்குக்கல் இருக்கும். அதை ஒட்டி நின்று, முழங்காலை லேசாகத் தளர்த்தினால் போதும். சுமை தலையிலிருந்து கல்லுக்கு நழுவிவிடும். இளைப்பாறியபின் அதேபோல் கழுத்தைக் கொடுத்து இழுத்தால் சும்மாட்டில் ஏறிவிடும். யார் தயவும் தேவையில்லை.

பெரிய வழிகளில் சுமைதாங்கிக்குப் பக்கத்தில் மாடுகள் உடம்பைத் தேய்த்துக்கொள்ள ஆவுரிஞ்சு கல்லும், தண்ணீர் குடிக்கக் கல்தொட்டியும் இருக்கும். ஆவுரிஞ்சு தறி நடுவதைப் பழைய நூல்கள் முப்பத்திரண்டு அறங்களில் ஒன்றாக வைத்து எண்ணுகின்றன. 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் போட்ட சாலைகளையும் சத்திரங்களையும் தெற்கத்திக்காரர்கள் இன்றும் பேர் சொல்லிக் காட்டுவார்கள். சாலை ராணியுடையது. சாலையோரத்துச் சுமைதாங்கிகளில் பெரும்பாலானவை சாதாரணக் குடும்பங்களுடையவை.

எந்தக் குடும்பங்கள் என்பதை என் ஆச்சிதான் சொன்னாள். அவளோடு பஸ்ஸில் போகும்போது ஒரு சுமைதாங்கியைக் கடந்தோம். அவள் சட்டென்று நெஞ்சில் கை வைத்து ஏதோ முணுமுணுத்தாள். சாமியா என்று கேட்டேன். "சாமி இல்லை. பிள்ளை வயிற்றோடு போனவள்" என்றாள். பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும்போதோ, பேறுகாலத்தில் பிள்ளையை ஈன முடியாமலோ ஒரு பெண் இறந்துவிட்டால், அவள் பேரில் பிறந்த வீட்டாரோ புகுந்த வீட்டாரோ வழியில் சுமைதாங்கி நடுவார்கள். அவள் வயிற்றுச் சுமையை இறக்காமல் போய்விட்டாள். அதை இனி யாராலும் இறக்க முடியாது. வருகிறவர் போகிறவர் சுமையை இறக்கும்போது அவள் பாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும் என்பது நம்பிக்கை.

இந்த நம்பிக்கைக்கு அடியில் பயமும் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. பிள்ளையோடு இறந்தவள் அமைதியடையாமல் அலைவாள், பச்சைப்பிள்ளைக்காரிகளைத் தொந்தரவு செய்வாள் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். இடுப்பில் குழந்தையோடு நிற்கிற இசக்கியம்மனுக்கு மரத்தில் தொட்டில் கட்டுவதும், கொடை விழாவில் விடிய விடிய வில்லுப்பாட்டில் அவள் கதையைப் பாடுவதும் அந்தப் பயத்தையும் பக்தியையும் பிரிக்க முடியாத இடத்திலிருந்து வருகின்றன. ஆனால் பயந்தவன் கல்லை ஊருக்கு ஒதுக்குப்புறமாக நட்டுப் பூசை போட்டிருப்பான். இவர்கள் ஆள் நடமாட்டம் உள்ள சாலையோரத்தில், யார் வேண்டுமானாலும் தொடும்படி, யார் சுமையை வேண்டுமானாலும் வைக்கும்படி நட்டிருக்கிறார்கள். துக்கம் பிடித்த வீட்டுக்காரர்கள் யோசித்துச் செய்த காரியம் இது. எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

கீரைக்கார ஆச்சி சொன்ன அன்றே அந்தக் கல்லை முதன்முறையாகச் சுற்றி வந்து பார்த்தேன். இடதுபக்கக் குத்துக்கல்லில், பச்சை எனாமல் பெயிண்டுக்கு அடியில், மேடு பள்ளமாக ஏதோ விரலுக்குத் தட்டுப்பட்டது. கண்ணுக்குத் தெரியவில்லை, விரலுக்குத் தெரிந்தது. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். கல்வெட்டு வாசிப்பதில் பல வருடப் பழக்கம் உள்ளவர், எங்கள் எல்லோருக்கும் அண்ணாச்சி. அவரை அழைத்துப்போனேன். பகல் வெளிச்சத்தில் பார்த்து ஒன்றும் ஆகாது, இருட்டட்டும் என்றார்.

இருட்டியபின் போனோம். செல்போன் டார்ச்சைக் கல்லுக்கு நேராகப் பிடிக்காமல், கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடிக்கச் சொன்னார். அதுவரை மொட்டையாக இருந்த கல்லில் நிழல்கள் எழுந்தன. எழுத்தின் பள்ளம் ஒவ்வொன்றிலும் ஒரு மெல்லிய கறுப்புக் கோடு. டார்ச்சை ஒரு விரற்கடை நகர்த்தினால் ஓர் எழுத்து மறைந்து இன்னோர் எழுத்து வந்தது. இப்படி ஒன்றரை மணி நேரம். மாவைப் பூசினால் எளிதாகத் தெரியுமே என்றேன். கூடாது என்றார். மாவு பள்ளங்களில் தங்கிப் பூஞ்சை பிடிக்கும், எறும்பு வரும், கல்லுக்குக் கேடு.

முதல் வரியில் ஆயிரத்தைக் குறிக்கும் ௲, அடுத்து ௪, ௰, ௭. ஆயிரத்து நாற்பத்தேழு. பக்கத்தில் வருடத்துக்கான ௵ குறி. கொல்லம் ஆண்டு 1047. கி.பி. 825இல் தொடங்கும் இந்தக் கணக்கைத் திருநெல்வேலிச் சீமையில் நெடுங்காலம் பத்திரத்திலும் கல்லிலும் எழுதினார்கள். இரண்டாவது வரியில் 'சோற்ப' என்ற மூன்று எழுத்துகள், அதன்பின் 'தை', மாதத்துக்கான ௴ குறி. அண்ணாச்சி அங்கேயே விரல்விட்டுக் கணக்குப் போட்டார். 'சோற்ப' என்பது அறுபது தமிழ் வருடங்களில் ஒன்றான பிரசோற்பத்தி. அந்த வருடம் 1871 சித்திரையில் பிறந்தது. கொல்லம் 1047 அதே 1871 ஆவணியில் பிறந்தது. இரண்டும் சேர்ந்து வருகிற தை மாதம் ஒன்றே ஒன்றுதான். 1872 ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடுவரை. கல் பொய் சொல்லவில்லை என்று சொல்லிக் கல்லைத் தட்டிக்கொடுத்தார்.

மூன்றாவது வரியின் தொடக்கம் முழுவதும் பொருக்கு உதிர்ந்து போயிருக்கிறது. 'ன்' என்ற ஓர் எழுத்து. அதற்கப்புறம் ம, க, ள் என்று மூன்று எழுத்துகள், நேற்று வெட்டியதுபோல. நான்காவது வரியில் முன்பாதி இல்லை. 'யம்மாள்' மட்டும் இருக்கிறது. ஐந்தாவது வரி முழுக்கப் போய்விட்டது. ஆறாவது வரியில் 'தற்மம்'. தர்மத்தை அந்தக் காலத்தில் வல்லின றகரம் போட்டு அப்படியும் எழுதுவார்கள்.

இன்னாரின் மகள் இன்ன அம்மாள். அப்பாவின் பெயரும் போய்விட்டது, பெண்ணின் பெயரும் போய்விட்டது. இரண்டுக்கும் நடுவில் 'மகள்' என்ற சொல் மட்டும் ஒரு புள்ளி குறையாமல் இருக்கிறது. இன்னாரின் மனைவி என்று அந்தக் கல் சொல்லவில்லை. கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு, தை மாதத்தில், பிறந்த வீடு நட்ட கல். அண்ணாச்சி டார்ச்சை அணைத்தபின்னும் நான் அந்த மூன்று எழுத்துகளின்மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றேன். ளகரத்தின் சுழியை ஒரு கொத்தனார் எவ்வளவு நிதானமாக வளைத்திருக்கிறார் என்பது விரலுக்குத் தெரிந்தது.

கல் நட்டு நாலே வருடத்தில், 1876இல், திருநெல்வேலிக்கு ரயில் வந்தது. அதே வருடம் தாது வருஷப் பஞ்சமும் தொடங்கியது. கஞ்சித்தொட்டி தேடி நடந்தவர்கள் இந்தச் சாலையிலும் நடந்திருப்பார்கள். அவர்களிடம் இறக்கி வைக்க என்ன இருந்திருக்கும்? திருச்செந்தூருக்கு ரயில் 1923இல் வந்தது, பிறகு பஸ். சாலை தார் பூசிக்கொண்டு வடக்கே நகர்ந்துவிட்டது. பழைய வண்டித்தடம் தோட்டமாகி, மனையாகி, மனைப்பிரிவில் பொது இடமாக விட்ட துண்டு பூங்காவாகிவிட்டது. கல் மட்டும் நட்ட இடத்திலேயே நிற்கிறது. ஆகவே அது பூங்காவுக்கு வந்த கல் அல்ல. பூங்காதான் அதைச் சுற்றி வந்தது. இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கல்லை வாசலுக்கு நகர்த்தி அழகாக மேடை கட்டி வைக்கலாமே என்று நல்லெண்ணத்தோடு சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நகர்த்தினால் அது எந்த வழியில் நின்றது என்ற சாட்சியம் போய்விடும்.

வண்ணாரப்பேட்டைப் பக்கம் தாமிரபரணியைத் தாண்டும்போதெல்லாம் சுலோச்சன முதலியாரை நினைக்கிறோம். திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே ஆற்றைக் கடக்கச் சனங்கள் பட்ட பாட்டைப் பார்த்துத் தன் கைப்பொருளைக் கொடுத்துப் பாலம் கட்டுவித்தவர். 1843இல் திறந்த அந்தப் பாலம் அவர் பெயரிலேயே நிற்கிறது. நியாயம்தான். ஆனால் அந்தப் பாலத்தின் வழியாக நடந்து வந்த தலைச்சுமைக்காரர்கள் அடுத்து மூச்சு விட்டது இப்படிப்பட்ட கல்லருகேதான். ஒரு விவசாயியோ வியாபாரியோ மகளைப் பறிகொடுத்த வருடத்தில் கல்வெட்டிக்குக் கூலி கொடுத்துச் செய்தது. சட்டத்தின் பார்வையில் இதற்கு இடமில்லை. தொல்லியல் சின்னங்களுக்கான தமிழ்நாட்டின் 1966ஆம் ஆண்டுச் சட்டம், அரசு பாதுகாக்கப்பட்டதாக அறிவித்த சின்னங்களுக்குக் காவல் நிற்கிறது. ஒரு வீட்டார் தங்கள் பெண்ணுக்காக நட்ட கல் அந்தப் பட்டியலில் ஏறுவது அரிது. எத்தனையோ சுமைதாங்கிகள் சாலை அகலமானபோது புல்டோசரில் போயின. சில கல்வெட்டுப் பக்கம் கீழாகக் குப்புற விழுந்து சாக்கடைப் பாலமாகக் கிடக்கின்றன.

இந்தக் கல்லின் எழுத்து ஏன் இவ்வளவு சிதைந்தது என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். வெயிலும் மழையும் நூற்றைம்பது வருடத்தில் செய்ததைவிடக் கடந்த இருபது வருடத்தில் நாம் செய்தது அதிகம் என்றார். பூங்காவைச் சீரமைத்தவர்கள் குத்துக்கல்லின் அடியைச் சுற்றிச் சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். தினமும் குழாயில் ஆழ்துளைக் கிணற்று உப்புத்தண்ணீர் பீய்ச்சுகிறார்கள். சிமெண்ட் அந்த ஈரத்தை வெளியே விடாது. தண்ணீர் கல்லின் நுண்துளைகள் வழியே மேலேறி, காயும்போது உப்பு பூக்கிறது. அந்த உப்பு கல்லின் தோலை உள்ளேயிருந்து தள்ளுகிறது. பொருக்கு உதிர்வது அதனால்தான். அதற்குமேல் எனாமல் பெயிண்ட். ஈரம் வெளியேற இருந்த கொஞ்ச வழியும் அடைபட்டுப் போயிற்று. பெயிண்டைச் சுரண்டிவிடலாமா என்றேன். கம்பி பிரஷ், அமிலம், மணல் வீச்சு எதையும் கொண்டு போகாதே என்று கும்பிடாத குறையாகச் சொன்னார். கோயில் சுவர்களில் மணல் வீச்சால் மழுங்கிப்போன கல்வெட்டுகளைப் பார்த்தவர் அவர். தண்ணீரும் மெல்லிய நார் பிரஷ்ஷும் போதும், மிச்சத்தைத் தெரிந்தவர்கள் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

இந்த இடத்தில் என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். அன்று பஸ்ஸில் ஆச்சி முணுமுணுத்தது அந்தக் கல்லுக்கு மட்டும் அல்ல. அவளுடைய அக்கா முதல் பேறுகாலத்தில் இரண்டு நாள் வலியில் கிடந்து, பிள்ளை குறுக்கே கிடந்ததால் பெற முடியாமலே போய்விட்டாள். மாட்டுவண்டி பூட்டி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியிருக்கிறார்கள். தேரி மணலில் சக்கரம் புதைந்ததுதான் மிச்சம். கல் நட வசதியில்லாத வீடு. "அவளுக்கு ஒரு கல் நடவில்லையே" என்று ஆச்சி எண்பது வயதிலும் சொல்லிக்கொண்டிருந்தாள். அதனால் வழியில் பார்க்கிற ஒவ்வொரு சுமைதாங்கியையும் தன் அக்காளுக்கும் சேர்த்தே கும்பிட்டுக்கொண்டாள்.

ரத்தப்போக்கு, ஜன்னி, குறுக்கே கிடக்கிற பிள்ளை. அந்தக் காலத்தில் பெண்களைக் கொண்டுபோனவை இவைதான். இன்று எங்கள் ஊரில் 108 வண்டி வருகிறது, 2008இலிருந்து. ஏழைக் கர்ப்பிணிகளுக்கான உதவித்தொகை முத்துலட்சுமி ரெட்டியின் பெயரில் 1987இலேயே தொடங்கியது. 2018–20 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 54 தாய்மார் இறந்திருக்கிறார்கள். இந்திய அளவில் அது 97. நல்ல எண்தான், பெருமைப்படலாம். ஆனாலும் அந்த ஐம்பத்து நான்கில் ஒவ்வொருத்தியும் யாரோ ஒருவருக்கு மகள். அந்தக் கல்லைப் பார்த்தபின் அந்த எண்ணை என்னால் எண்ணாக மட்டும் வாசிக்க முடியவில்லை.

கீரைக்கார ஆச்சி சொன்ன 'புதைத்து வைத்திருக்கிறார்கள்' என்பதுதான் என்னை விடாமல் அரித்தது. அளந்து பார்த்தேன். தரையிலிருந்து குறுக்குக்கல்லின் மேல்பரப்பு மூன்றடி இரண்டு அங்குலம். தலைச்சுமையை இறக்க அது எதற்கும் ஆகாத உயரம். மனைப்பிரிவு போட்டபோது மண் நிரப்பி மேடாக்கி, அதற்குமேல் கல் பதித்ததில் சுமைதாங்கியின் கால்கள் உள்ளே போய்விட்டன. பொறுப்பில் இருந்தவர்களுக்கு எழுதினேன், நேரில் போனேன், மறுபடியும் எழுதினேன். ஐந்து மாதத்துக்குப் பின், ஒரு பக்கம் மட்டும், பதித்த கற்களை எடுத்து நிரப்பு மண்ணை அகற்றிப் பார்க்க வாய்மொழியாகச் சரி என்றார்கள்.

தோட்ட வேலை பார்க்கிற தம்பி கடப்பாரையோடு வந்தார். பதித்த கற்களைப் பெயர்த்தபின் கடப்பாரையை ஓரமாக வைக்கச் சொல்லிக் கரண்டியால் மண்ணை எடுத்தோம். ஒவ்வொரு கரண்டிக்கும் அண்ணாச்சி, மெதுவாக, மெதுவாக என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இன்னும் எழுத்து கிடைக்கும், பெயர் கிடைக்கும் என்ற ஆசை எனக்கு. எழுத்து கிடைக்கவில்லை. செங்கல் துண்டும் பிளாஸ்டிக்கும் கலந்த நிரப்பு மண், ஓரடி ஐந்து அங்குலம். அதன்கீழ் மண்ணின் நிறம் மாறி, கெட்டிப்பட்ட பழைய தரை வந்தது. அதே மட்டத்தில் கல்லும் மாறியது. அதுவரை வழவழப்பாகச் செதுக்கியிருந்த குத்துக்கல், அதற்குக் கீழே உளி படாத கரடுமுரடான கல்லாக இருந்தது. மண்ணுக்குள் போகிற பகுதியைக் கல்தச்சர் செதுக்கவில்லை. அவர் விட்ட அந்தக் கோடுதான் 1872ஆம் ஆண்டுத் தரைமட்டம்.

அங்கேயே தோண்டுவதை நிறுத்திவிட்டு அளந்தோம். பழைய தரையிலிருந்து குறுக்குக்கல்லின் மேல்வரை நான்கடி ஏழு அங்குலம். நான் ஐந்தடி ஒரு அங்குலம். குழிக்குள் இறங்கி நின்றேன். கல் என் முகவாய்க்குச் சற்று மேலே வந்தது. ஆண்களின் உயரத்துக்கு வைத்த சுமைதாங்கி இன்னும் கொஞ்சம் உயர்ந்திருக்கும். இந்த அப்பா தன் மகளுடைய தலைமட்டத்தை மனதில் வைத்துக் கல்தச்சரிடம் உயரம் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தோன்றியது. அண்ணாச்சி அதை ஒப்புக்கொள்ளவில்லை, ஆதாரம் இல்லை என்றார். அவர் சொல்வது சரி. எனக்குத் தோன்றியதையும் நான் விடப்போவதில்லை.

குழியை மூட வேண்டாம், நான்கு பக்கமும் இதேபோல் இறக்கிவிட்டு மழைத்தண்ணீர் வடிய ஒரு வழி செய்யுங்கள், சிமெண்ட்டை எடுங்கள், குழாயை அந்தப் பக்கம் திருப்பாதீர்கள், கம்பிவேலி வேண்டாம், நான்கு வரியில் ஒரு பலகை வையுங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் வரவில்லை. இப்போதைக்கு இரண்டடிக்கு மூன்றடியில் ஒரு பள்ளம், அதன் விளிம்பில் பெயர்த்த கற்களை வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறோம்.

மறுநாள் காலை ஆறரை மணிக்குக் கீரைக்கார ஆச்சி பின்வாசலால் வந்தார். பள்ளத்தைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கையால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, காலால் துழாவிப் பள்ளத்துக்குள் இறங்கினார். கல்லை ஒட்டி நின்று முழங்காலை லேசாகத் தளர்த்தினார். பெட்டி தலையிலிருந்து கல்லுக்கு நழுவிப்போய் உட்கார்ந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரு கட்டுக் கீரையை உருவி என்னிடம் நீட்டினார். காசு கொடுத்தேன். பிறகு சும்மாட்டைத் தலையில் பொருத்தி, கழுத்தைக் கொடுத்து, பெட்டியை இழுத்து ஏற்றிக்கொண்டார். தூக்கிவிட என் இரண்டு கைகளும் நீண்டிருந்தன. அவர் அதைக் கவனிக்காமலே மேலேறி முன்வாசலைப் பார்த்து நடந்து போனார்.